நன்றாகப் பார்த்து வாங்கவும்

ஜூலை 2

சொட்டு மருந்து போட்ட நேரத்தைத் தவறாமல் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் அம்மா. அதற்காகத்தான் இந்த டைரி. யூனியனில் ஜனவரியில் கொடுத்தது. பஸ் கண்டக்டராக இதுவரை நான் எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டும் லீவு லெட்டரும்தான். பத்தாம் வகுப்பில் தமிழில் நாற்பத்தொன்று வாங்கியவன்.

காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8. நான்கும் போட்டாயிற்று.

யாமினிக்கு இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்தோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை கிழிந்து கழன்றுவிட்டதாம். அதை ஒட்டி, நழுவாமல் இருக்க உள்ளே ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள். குமிழி மேலே எழும்பித் திரையை அழுத்த வேண்டும். அதற்காக அவள் பதினான்கு நாள் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிட எழுந்தாலும், பாத்ரூம் போனாலும் தலை நிமிரக் கூடாது.

"இருபத்தஞ்சு வருஷத்துல என் பொண்ணு என் முன்னாடி தலை குனிஞ்சு நடக்கறது இதான் மொதல் தடவை" என்று சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜூலை 3

மருந்து நான்கு வேளை.

குப்புறப் படுத்தால் மூக்கு நசுங்குகிறது. தலையணையை அப்படி இப்படி வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. கடைசியில் நைலான் பட்டைக் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் பட்டைகளை அறுத்து, முகம் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். சுற்றிலும் பழைய ஸ்கூட்டர் டியூபை வளைத்து வைத்துத் துண்டால் கட்டினேன். என் மண்டையை வைத்து அளவு பார்த்ததால் ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

வேதவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு மூன்று மணிக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? எங்க அக்கா வாங்கிக் குடுத்த கட்டிலு!"

"ஓட்டைதான் போட்டேன். கட்டில் அப்படியேதான் இருக்கு."

"அம்மா, விடும்மா. மூச்சு விட முடியுது" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து யாமினியின் குரல் வந்தது. முகம் கழுவப் போன வேதவல்லி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள்.

ஜூலை 4

மருந்து நான்கு வேளை. இட்லியைப் பிய்த்துக் கையில் கொடுத்தேன், காபிக்கு ஸ்ட்ரா. ஜடை பின்னிவிட்டேன். சாயங்காலம் வேதவல்லி அதை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

இன்று வேலைப் பேச்சு வந்தது. யாமினி ஒரகடத்துத் தொழிற்சாலையில் சீன இன்ஜினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே வேலை. ஆன்லைனில் சாமான் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. சீனாக்காரர்கள் சரக்குக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்களோ அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்க வேண்டும். வாராவாரம் கொடுத்தாக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பரீட்சை உண்டு. அது இந்த வாரம். தவறவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

"லீவு கேளேன்" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? கண்ணு போச்சுன்னா? படிக்கற வேலைக்குக் கண்ணு தெரியாதவளை எவன்பா வச்சுக்குவான்?"

கண் போகவில்லை, ஒட்டியிருக்கிறது என்றேன். சரி என்றாள்.

அவளுக்கு வலது கண் பிறவியிலேயே சோம்பேறிக் கண். பஸ் வருவது தெரியும், போர்டு தெரியாது. இத்தனை படித்ததும் அந்த இடது கண்ணை வைத்துத்தான். மெஷினிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், அந்தக் கம்பெனிப் பக்கத்தில் எல்லாம் படமாக இருக்கிறது. மெஷின் வாடை அடித்தால் கணக்கை மூடிவிடுவார்களாம்.

பிறகு கட்டிலின் பக்கவாட்டில் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள்.

"அப்பா, ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ அதை இதுல விரலால வரை. மேலேர்ந்து கீழ. இடமிருந்து வலம்."

"எனக்கு ஒரு எழுத்து தெரியாதேம்மா."

"எழுத்தா பாக்காத. கோலமா பாரு."

"கோலம் போட்டதும் இல்லையே."

"அப்பா!"

வரைந்தேன். முதல் எழுத்துக்கு இருபது நிமிடம். கூசுகிறது என்று சிரித்தாள். சிரித்தாலும் தலை அசையக் கூடாது என்று அதட்டினேன்.

ஜூலை 5

சீனாவிலேயே பேசும்போது வார்த்தை புரியாவிட்டால் உள்ளங்கையில் எழுதித்தான் காட்டுவார்களாம். நாம் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

நான் வரைகிறதை மறந்துவிடாமலிருக்க ஒரு நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். கொக்கி. குடை. மூன்று தட்டு பீரோ. கால்மேல் கால் போட்ட அம்மா. கொம்பு முளைத்த ஜன்னல். யாமினி சொல்லச் சொல்ல இங்கிலீஷை ஒற்றை விரலால் தட்டுகிறேன். இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்த விரல், ஒரு வரிக்கே வலிக்கிறது.

மருந்து 12 மணிக்குப் போடவேண்டியது 12.20 ஆகிவிட்டது. தவறு என்னுடையது.

ஜூலை 6

மொத்தம் ஒன்பது வரி முடித்தோம். குழந்தை உடுப்பு, குளியல் துண்டு, பெண்கள் செருப்பு. செருப்புக்கு "ஒரு சைஸ் பெரிதாக வாங்கவும்" என்று இருந்தது. பஸ்ஸில் செருப்பு அறுந்து இறங்கினவர்களைப் பற்றி ஒரு கதை சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். தூங்கிவிட்டாள்.

ஜூலை 7

முதுகு வலி. எனக்கும்.

ஜூலை 8

பரீட்சை வந்தது. ஒரே ஒரு வாக்கியம், நாலே எழுத்து. இதற்கா இத்தனை பயம் என்று சொல்லிக்கொண்டே வரைந்தேன். சாய்ந்த கைக்குக் கீழே மூன்று தட்டு பீரோ. கால்மேல் கால் போட்ட அம்மா, பக்கத்தில் கை விரித்த குழந்தை. குடம் வைக்கிற ஸ்டாண்டு. கொக்கியும் கொம்பு முளைத்த ஜன்னலும்.

யாமினி உள்ளங்கையை மூடித் திறந்தாள். தப்பாக வரைந்துவிட்டேனோ என்று மறுபடி வரைந்தேன்.

"சரியாத்தாம்பா வரைஞ்ச. அதான் கஷ்டம்."

விளக்கினாள். விற்கிறவன் வாங்குகிறவனுக்குச் சொல்கிற வார்த்தை அது. நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள், பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள், அவசரமில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது உபசாரம். ஒன்றைத்தான் எழுத வேண்டும். ஏன் அதை எழுதினோம் என்று கீழே ஒரு கட்டத்தில் காரணமும் சொல்ல வேண்டும்.

"கடைக்காரன் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிருமே" என்றேன்.

"மூஞ்சிதான் இல்லையே அப்பா. ஆன்லைன்."

"அப்ப எச்சரிக்கைதான். எவன் உபசாரம் பண்றான்?"

"நீ கண்டக்டர். உனக்கு எல்லாமே எச்சரிக்கைதான். யோசிக்கணும். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

ஜூலை 9

காலையிலிருந்து கண்ணுக்குள் குத்துகிறது என்றாள். வாந்தி. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கும் என்று ஒரு மாத்திரையும் வலி ஊசியும் சொன்னார்கள். தெருக்கோடி நர்ஸ் அம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். 12 மணி மருந்து போட்டதும் தூங்கிவிட்டாள்.

ஆறு மணிக்குத்தானே, எழுந்துவிடுவாள் என்று துணி துவைத்தேன். மூன்று மணிக்கு எதற்கோ ஸ்க்ரீனைப் பார்த்தால் சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. முப்பது நிமிடம் என்று காட்டுகிறது. அந்த ஆறு மணி சீனாவில் ஆறு மணியாம். நமக்கு மூன்றரை. இருபத்தாறு வருடம் டைம் கீப்பரிடம் திட்டு வாங்கியவனுக்கு இது தோன்றவில்லை.

எழுப்பினேன். "ம்" என்றாள். தோளை உலுக்கலாம், ஆனால் தலை அசையக் கூடாது. காதருகே போய்க் கூப்பிட்டேன். கை விரல் மட்டும் ஆடியது.

பத்து நிமிடம். ஏழு நிமிடம்.

நான் அனுப்பினேன்.

எங்கள் பஸ்ஸில் என் சீட்டுக்கு மேலே மீதிச் சில்லறைக்காக எழுதியிருப்பதை நினைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் போட்டேன். நன்றாகப் பார்த்து வாங்கவும், இறங்கியபின் கேட்கக் கூடாது. கீழே காரணம் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் அனுப்ப மாட்டேன் என்றது. இருபத்தாறு வருட அனுபவம் என்று எழுதினேன்.

ஐந்து மணிக்கு விழித்து முதல் வார்த்தையே, "டெஸ்ட்?"

"அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"நீ நேத்து சொன்னியே, அதான்."

"நான் ரெண்டு சொன்னேனே."

"நல்லதைப் போட்டேன்" என்றேன். 4 மணி மருந்து 5.10க்குப் போட்டது.

ஜூலை 10

ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போகும்போது முழங்காலில் நெற்றியை வைத்தபடியே வந்தாள். டிரைவர் தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

பார்த்துவிட்டு டாக்டர் அம்மா என்னைக் கதவோரம் கூப்பிட்டார். திரை ஒட்டியிருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் படிக்கிற பார்வை இருக்கிற நடு இடமும் கழன்றிருந்தது. அந்தப் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. திரும்பாமலும் போகலாம்.

"என்னப்பா சொன்னாங்க?"

"எல்லாம் ஒட்டிக்கிச்சாம்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு மேல என்ன ஒட்டணும்?"

ஜூலை 11

மெயில் வந்தது. அவளுக்கு வருகிற மெயிலையெல்லாம் நான்தான் படித்துச் சொல்கிறேன். நாலு தடவை படித்தேன். அனுப்பிய பதில் உங்களுடையதல்ல என்று கருதுகிறோம், எங்கள் பதிவேட்டில் உங்கள் வயது இருபத்தைந்து. இந்த இடம் நன்றாகப் புரிந்தது. அப்புறம் டெர்மினேட் என்று ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் டெர்மினஸ் என்றால் கடைசி ஸ்டாப்.

"மெயில் வந்துச்சாப்பா?"

"விளம்பரம்மா."

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. தப்பாகக்கூடப் புரிந்திருக்கலாம்.

மருந்து நான்கு வேளை.

ஜூலை 12

காலையிலேயே கையை நீட்டிவிட்டாள்.

"இன்னைக்கு என்ன வந்திருக்கு?"

கம்பெனிப் பக்கம் திறக்கவே இல்லை. பெயரைப் போட்டால் சிவப்பில் திட்டுகிறது. இந்த வேலை ஒன்றுக்காகத்தான் அவள் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கிடக்கிறாள். இன்னும் மூன்று நாள். அது முடிகிற வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். ஆறாம் தேதி எழுதி வைத்த செருப்பும் துண்டும் இருந்தன. முன்பின்னாக மாற்றி வரைந்தேன். அவள் சொன்னாள், நான் தட்டினேன். வெறும் பக்கத்தில்.

"ரொம்ப வேகமாயிட்டப்பா நீ" என்றாள்.

அனுபவம்தான் என்றேன். வாயில் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

ஜூலை 13

நோட்டு தீர்ந்துவிட்டது. வீட்டில் சீன எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடினேன். கொசு பேட் வாங்கின அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தது. பின்பக்கம் முழுக்க எழுத்து. கடவுள் இருக்கிறார்.

ஒரு வரி வரைந்து முடித்தேன்.

"ஈரக் கையால வலையத் தொடாதீங்க" என்றாள் யாமினி. இங்கிலீஷிலும் சொன்னாள். தட்டினேன்.

"அப்பா."

"சொல்லும்மா."

"போன வாரம் வரைக்கும் துணிமணிதான் வித்தாங்க."

"பெரிய கம்பெனிம்மா. எல்லாம் விப்பான்."

"சரி, அடுத்தது."

அடுத்தது, எட்டு மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது.

சாயங்காலம் வேதவல்லி வந்து கட்டில்மேல் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தாள்.

"இத ஏன் எறக்குனீங்க?"

வாசல் பக்கம் வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். மெயில், இருபத்தாறு வருடம், நோட்டு எல்லாம். ஒரு வார்த்தை திட்டவில்லை. இருபத்தேழு வருடத்தில் அவள் திட்டாத இடம் இது ஒன்றுதான். அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 14

வேதவல்லி வேலை முடிந்து வரும்போது கட்டைப்பையில் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வாங்கின எடைமெஷின் வந்த பெட்டியாம்.

"இதுல நெறைய எழுத்து கீது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு பக்கமும் வரைந்தோம். தட்டையான தரையில் வைக்கவும். தண்ணீர் படாமல் காக்கவும். ஏறி நிற்கும்போது ஆடக் கூடாது.

"ஆடக் கூடாதாம்பா" என்றாள் யாமினி. "இந்தக் கம்பெனி எனக்குன்னே எழுதறான்."

முடித்ததும் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலா, பென்சிலா என்று கேட்டேன்.

ஜூலை 15

இன்றோடு பதினான்கு நாள். மருந்து நான்கு வேளை. வேலை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 16

ஆஸ்பத்திரி. நிமிர்ந்து உட்காரலாம் என்றார்கள். யாமினி தலையைத் தூக்கினாள். நெற்றியில் டியூப் அழுந்தின வளையம். என்னைத்தான் முதலில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எந்தக் கண்ணால் என்று தெரியவில்லை.

வலது கண்ணை மூடிக்கொண்டு டாக்டர் அம்மா காட்டின விரலை எண்ணினாள். மூன்று. சரி. இரண்டு. சரி. அப்புறம் எழுத்துப் பலகை. மேல்வரி கூட வரவில்லை. குமிழி முழுக்கக் கரையட்டும், இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். போன தடவை கதவோரம் சொன்னதை இந்தத் தடவை சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். காற்று முகத்தில் அடிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஜூலை 17

நாளை டியூட்டிக்குப் போக வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். யாமினி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அந்த மெயிலப் படி."

"எந்த மெயிலு?"

"பதினொன்னாம் தேதி வந்துச்சே. மறுநாள் ஆறாம் தேதி செருப்பு திரும்பி வந்துச்சு. அப்புறம் கொசு பேட்டு."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து எடுத்தேன். காலரில் பழுப்பாக ஒரு அடையாளம் விழுந்துவிட்டது.

படித்தேன். இங்கிலீஷில், நின்று நின்று. இருபத்தைந்து வயது வருகிற இடத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்காக அனுப்பினேன், என்ன எழுதினேன் எல்லாம் சொன்னேன். இறங்கியபின் கேட்கக் கூடாது என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரிஞ்சே ஏம்மா சும்மா இருந்த? தினம் கைய வேற நீட்டுன?"

"நீ லீவு போட்டுட்டு நாள் பூரா என் பக்கத்துல உக்காந்திருந்த. வேலை இல்லன்னா நீ என்னப்பா பண்ணியிருப்ப?"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. வேதவல்லி வாசற்படியில் வந்து நின்றாள்.

யாமினி லேப்டாப்பை எடுக்கச் சொன்னாள். கம்பெனிக்குக் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். பரீட்சை அன்று நான் மருந்து மயக்கத்தில் இருந்தேன். சீன மொழி அறியாத என் தந்தை, எனக்குத் தெரியாமல், நேரம் முடிகிறதே என்று பயந்து அந்தப் பதிலை அனுப்பினார்.

"அறியாதன்னு போடணுமா? கொஞ்சம் தெரியுமே."

"எவ்ளோ தெரியும்?"

"கொசு பேட் அளவுக்கு."

"அறியாதன்னு அடிங்க" என்றாள் வேதவல்லி.

அடித்தேன். என் குற்றத்தை நானே ஒற்றை விரலால் அடித்தேன். அடுத்த வரியாக, என் கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்று சொன்னாள். ஆறாம் தேதி வரை கொடுத்த வேலையெல்லாம் என் தந்தை என் கையில் எழுதிக் காட்டி நான் செய்தது, அதில் ஒரு பிழைகூட உங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னாள். அப்புறம் இன்னொரு வரி.

"இப்ப மொத்தமாப் படிச்சுக் காட்டு."

படித்தேன்.

"ஒரு வரிய விட்டுட்ட."

"இல்லியே."

"விட்டுட்டப்பா. எனக்குக் கண்ணுலதான் ஆபரேஷன். காதுல இல்ல. கதவுகிட்ட அவங்க சொன்னதும் கேட்டுச்சு. படி."

வேதவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

படித்தேன். இடது கண்ணில் படிக்கிற பார்வை திரும்பாமல் போகலாம். அப்படியானாலும், வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் என்னால் இந்த வேலையைச் செய்ய முடியும்.

தமிழில் ஏழு நாளாக என்னால் அவளிடம் சொல்ல முடியாதது, இங்கிலீஷில் ஒரே மூச்சில் வந்துவிட்டது. யாமினி தலையாட்டினாள். "சரியா இருக்கு" என்றாள்.

எடுத்துக்கொள்வார்களா, தெரியாது. மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை என்று வேதவல்லி சத்தம் போட்டாள். போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

"அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த தொந்தரவே அதுதான்.

"இரு" என்றாள் யாமினி. ஒரு நிமிடம் போல யோசித்தாள். நான் விரலைத் தூக்கியபடி காத்திருந்தேன்.

"இப்ப அமுக்கு."